நிலா ஒரு முட்டை என்றால்: 'கில் தி மூன்' எபிசோட் ஏன் ரசிகர்களைப் பிரித்தது?

உதகை, குன்னூர், கோத்தகிரி என்று மூன்று ஊர்களிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு ரசிகர் வட்டம், பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரின் பழைய எபிசோட்களை ஆடி மழைக்காலத்தில் வரிசையாகப் பார்த்து வருகிறது. எல்லாம் சுமுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2014-இல் வந்த 'கில் தி மூன்' எபிசோடில் வட்டம் இரண்டாக உடைந்தது. ஒரு பாதி அதைத் தொடரின் மோசமான எபிசோட் என்கிறது, மறுபாதி கதாநாயகி கிளாராவின் சிறந்த எபிசோட் என்கிறது. இது நீலகிரியில் மட்டும் நடந்த கதை இல்லை. எபிசோட் ஒளிபரப்பான நாளிலிருந்து உலகம் முழுக்க ரசிகர்கள் இதே மாதிரிதான் பிரிந்து நிற்கிறார்கள்.

சண்டையைக் கேட்பவர்களுக்குக் குழப்பம் வரக் காரணம், மூன்று தனித்தனிக் குறைகள் ஒரே குறையாகப் பேசப்படுவதுதான். அறிவியல் தவறு, காலப் பயண விதி, கதையில் எடுத்த முடிவுக்கு விலை இல்லாமல் போனது என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால், அதிகம் திட்டு வாங்கும் குறைதான் இருப்பதிலேயே சின்னது என்று தெரியவரும்.

தொடரைப் பற்றி, தெரியாதவர்களுக்காக

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கியது. 1989-இல் நின்று, 2005-இல் மீண்டும் வந்தது. நாயகன் பெயர் டாக்டர். வேற்றுக்கிரகவாசி. நீல நிறப் போலீஸ் தொலைபேசிப் பெட்டி வடிவில் இருக்கும் 'டார்டிஸ்' என்ற இயந்திரத்தில் காலத்திலும் விண்வெளியிலும் பயணிப்பவர். சாகும் தறுவாயில் வேறு உடலுக்கு மாறிக்கொள்வார், அதனால் நடிகர் மாறினாலும் தொடர் நிற்காது. 2014-இல் டாக்டராக நடித்தவர் பீட்டர் கபால்டி. உடன் பயணிக்கும் பள்ளி ஆசிரியை கிளாராவாக ஜென்னா கோல்மன்.

அந்த எபிசோடில் நடப்பது

2014 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் பீட்டர் ஹார்னஸ். நிலாக் காட்சிகளை ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே என்ற எரிமலைத் தீவில் எடுத்தார்கள். பார்ப்பதற்கு அசல் நிலா மாதிரியே இருக்கும், அதில் யாருக்கும் புகார் இல்லை.

கதை 2049-இல் நடக்கிறது. டாக்டர், கிளாரா, கோர்ட்னி என்ற பள்ளி மாணவி மூவரும் நிலாவுக்குப் போகிறார்கள். அங்கே பூமியில் நடப்பது போலவே நடக்க முடிகிறது. நிலாவின் எடை கூடிவிட்டது. அதனால் பூமியில் கடல் பொங்கிப் பேரழிவு. நிலாவை வெடிகுண்டால் தகர்க்க ஒரு விண்வெளிக் குழு வந்திருக்கிறது. பிறகுதான் தெரிகிறது, நிலா ஒரு முட்டை. உள்ளே ஒரு உயிர் பொரியப் போகிறது.

கொல்வதா, விடுவதா? இது மனிதர்கள் எடுக்க வேண்டிய முடிவு என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பிப் போய்விடுகிறார். முக்கால் மணி நேரம் இருக்கிறது. கொல்லச் சொல்பவர்கள் விளக்கை அணையுங்கள், விடச் சொல்பவர்கள் எரிய விடுங்கள் என்று கிளாரா பூமிக்குச் செய்தி அனுப்புகிறார். பூமி இருண்டு போகிறது. தீர்ப்பு: கொல். ஆனால் கிளாரா கடைசி நொடியில் வெடிப்பை நிறுத்திவிடுகிறார். உயிர் பொரிந்து பறக்கிறது, ஓடு யாருக்கும் தீங்கில்லாமல் கரைகிறது, போகிற போக்கில் அந்த உயிர் இன்னொரு முட்டையையும் இட்டுவிட்டுப் போகிறது. அதுதான் புது நிலா. கிளாரா டாக்டரை உலுக்கி எடுத்துவிட்டு, போய்விடு என்கிறார்.

அறிவியல் குறை: எண்ணைச் சொன்னதுதான் வினை

வட்டத்தில் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் அணிக்கு இதுதான் முதல் ஆயுதம். எபிசோடில் நிலா எவ்வளவு எடை கூடியது என்று டாக்டரே சொல்கிறார்: 130 கோடி டன். கேட்க மலைப்பாக இருக்கிறது. கணக்குப் போட்டால் என்ன ஆகிறது பாருங்கள்.

1. நிலாவின் நிறை சுமார் 7.35 லட்சம் கோடி கோடி டன். அதில் 130 கோடி டன் என்பது 5,600 கோடியில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மைக்ரோகிராம் கூடியதற்குச் சமம். தூள் உப்பின் ஒரு துகள் அதைவிடப் பல மடங்கு கனம்.

2. நிலாவின் பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஆறில் ஒரு பங்கு. அதே அளவுள்ள நிலாவில் பூமி போலவே நடக்க வேண்டுமென்றால் நிறை ஆறு மடங்காக வேண்டும். அதாவது இன்னும் ஐந்து நிலாக்களின் நிறையை உள்ளே திணிக்க வேண்டும்.

3. கடல் ஓதத்தில் (நீர்மட்டம் ஏறி இறங்குவதில்) நிலாவின் பங்கு சூரியனின் பங்கைப் போல 2.2 மடங்கு. நிலா ஆறு மடங்கு கனத்தால், பௌர்ணமி, அமாவாசை நாள்களின் ஓதம் இன்றைப் போல ஏறத்தாழ நாலரை மடங்காகும். கடலோர ஊர்களுக்கு அது உண்மையாகவே பேரழிவுதான். (2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகைக்காரர்கள் இதை எவ்வளவு நிதானமாகப் பேசுகிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) ஆனால் 130 கோடி டன் கூடினால் ஓதத்தில் எந்தக் கருவியாலும் வித்தியாசம் காண முடியாது.

4. முட்டை பொரியும் நேரத்தில் கனக்கும் என்பதே தலைகீழ். அடை வைத்த கோழி முட்டை 21 நாளில் தன் எடையில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி இழக்கிறது. ஓட்டின் நுண்துளை வழியே ஈரம் ஆவியாகிப் போவதுதான் காரணம். குஞ்சு வளர்வது உள்ளே இருக்கும் மஞ்சள் கருவையும் வெள்ளைக் கருவையும் கொண்டுதான். வெளியிலிருந்து காற்று மட்டும்தான் உள்ளே போகும், உணவு எதுவும் போவதில்லை.

5. நிலா முட்டையாக இருந்து வளர்வது சுமார் 10 கோடி ஆண்டுகளாக என்று டாக்டர் சொல்வார். அப்பல்லோ குழுக்கள் கொண்டுவந்த நிலாப் பாறைகளில் 400 கோடி ஆண்டுக்கு மேல் வயதானவை உண்டு.

இப்போதுதான் பிறந்த ஒன்று தான் வந்த முட்டை அளவுக்கே இன்னொன்றை உடனே இடுவது எப்படி என்ற கேள்வியை நான் பட்டியலில் சேர்க்கவில்லை. அதற்குக் கணக்கே தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதே ரசிகர்கள், உள்ளே அரண்மனை அளவுக்கு இடம் இருக்கும் போலீஸ் பெட்டியை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டவர்கள். டார்டிஸ் எப்படி இயங்குகிறது என்று தொடர் என்றைக்கும் எண்ணில் சொன்னதில்லை, சரிபார்க்க எதையும் நம் கையில் கொடுத்ததில்லை. இங்கே கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு வசனத்தை எடுத்துவிட்டு "நிலா கனத்துவிட்டது" என்று மட்டும் விட்டிருந்தால் மேலே உள்ள முதல் மூன்று புள்ளிகளில் முதலாவது இல்லாமலே போயிருக்கும். மற்ற இரண்டும் கதைக்குச் சாதகமாகவே மாறியிருக்கும். ஒரு வரியில் திருத்தக்கூடிய குறை எபிசோடைக் கொல்லாது. அதனால்தான் இது சின்னக் குறை என்கிறேன்.

முத்தோரையிலிருந்து பார்த்தால்

நிலா கனத்தால் முதலில் யாருக்குத் தெரியும்? எபிசோடில் கடல் பொங்கிய பிறகுதான் உலகம் விழிக்கிறது. நீலகிரியில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகப் படும். உதகைக்குப் பக்கத்தில் முத்தோரையில் 1970-இல் செயல்படத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியைக் கட்டியதே நிலாவின் நகர்வைப் பயன்படுத்திக்கொள்ளத்தான்.

அதை வடிவமைத்தவர் கோவிந்த் ஸ்வரூப். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். இயற்கையாகவே சுமார் 11 பாகை சரிந்திருக்கும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதில் வடக்கு தெற்காகப் பொருத்தினார்கள். உதகையின் அட்சரேகையும் சுமார் 11 பாகை என்பதால், தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் திருப்பினாலே வானில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம்.

தொலைவில் இருக்கும் ஒரு ரேடியோ மூலத்தை, அதாவது ரேடியோ அலைகளை வெளியிடும் வான்பொருளை, நிலா கடந்து போகும்போது சிக்னல் சட்டென்று விழுந்து, பிறகு மீளும். இதற்கு நிலா மறைப்பு என்று பெயர். எந்த நொடியில் மறைந்தது, எப்படி மங்கியது என்று பதிவு செய்தால் அந்த மூலம் வானில் துல்லியமாக எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாம். நிலாவின் விளிம்பு எப்போது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்த முறை வேலை செய்யும்.

நிலா ஆறு மடங்கு கனத்து, அதே தூரத்தில் சுற்றினால், 27.3 நாள் சுற்று சுமார் 26.5 நாளாகச் சுருங்கும். மறைப்புக் கணிப்புகள் முதல் வாரமே தப்பும். அமாவாசை, பௌர்ணமி நேரங்கள் தவறிப் பஞ்சாங்கக்காரர்களும் சேர்ந்து விழித்திருப்பார்கள். அப்பல்லோ குழுக்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசரைப் பாய்ச்சி, நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போவதையே அளக்கிற காலம் இது. 2049-இல் இதைக் கடல் வந்து சொல்ல வேண்டியிருக்காது.

காலப் பயண விதி: இங்கே குறை இல்லை

இரண்டாவது புகார்: டாக்டரிடம் காலப் பயண இயந்திரம் இருக்கிறது, எதிர்காலத்துக்குப் போய் நிலா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரக்கூடாதா? நியாயமான கேள்விதான். பதிலுக்கு, காலப் பயணக் கதைகள் வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். பொதுவாக மூன்று.

1. மாறாத காலம். நீங்கள் கடந்த காலத்துக்குப் போய் என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததில் அடக்கம். தடுக்கப் போனவரே அந்த விபத்துக்குக் காரணமாவார்.

2. மாறும் காலம். கடந்த காலத்தைத் தொட்டால் நிகழ்காலம் மாறும். 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' இந்த வகை. சாக வேண்டியவன் பிழைத்துவிடுகிறான், அப்புறம் நாயகர்களுக்கு வரும் அத்தனை தலைவலியும் அதிலிருந்துதான். உங்கள் தாத்தாவின் திருமணத்தைத் தடுத்தால் நீங்கள் எப்படிப் பிறந்து, எப்படித் திரும்பிப் போய்த் தடுத்தீர்கள் என்ற தாத்தா முரண் தலைதூக்குவதும் இங்கேதான்.

3. கிளைக்கும் காலம். மாற்றினால் புதிய உலகம் ஒன்று பிரியும், பழையது அப்படியே இருக்கும். முரண் வராது, ஆனால் பழைய உலகத்தில் விட்டுவந்தவர்கள் காப்பாற்றப்படவில்லை என்ற உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும்.

'டாக்டர் ஹூ' முதல் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. பெரும்பாலான நிகழ்வுகள் மாறக்கூடியவை. சில மட்டும் நிலைப்புள்ளிகள், அவற்றைத் தொடக்கூடாது. 2008-இல் வந்த பாம்பேய் எபிசோடில் எரிமலை வெடித்தே ஆக வேண்டும், டாக்டரால் ஒரு குடும்பத்தை மட்டும் மீட்க முடிகிறது. 2009-இன் 'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' எபிசோடில் 2059-இல் சாக வேண்டிய அடிலெய்டு புரூக் என்ற தளபதியை டாக்டர் விதியை மீறிக் காப்பாற்றுகிறார். அந்தப் பெண் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு வரலாற்றைச் சரிசெய்கிறார்.

'கில் தி மூன்' இதோடு இன்னொன்றைச் சேர்க்கிறது: டாக்டருக்கே தெளிவாகத் தெரியாத, மங்கலான சில தருணங்கள் காலத்தில் உண்டு. முடிவு இன்னும் எடுக்கப்படாததால் அவருக்குத் தெரிவதில்லை. புகார் சொல்பவர்கள் இதைச் சாக்கு என்கிறார்கள். 1967-இல் வந்த 'தி மூன்பேஸ்' கதை 2070-இல் நிலாவிலேயே நடக்கிறதே, அப்போது நிலா இருந்தது டாக்டருக்குத் தெரியாதா என்று மடக்குகிறார்கள்.

இங்கேதான் எபிசோட் புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது, யாரும் பாராட்டவில்லை. உயிரைக் கொன்றால் செத்த முட்டை வானத்திலேயே தொங்கும். விட்டால் புது முட்டை வரும். இரண்டு வழியிலும் 2070-இல் வானத்தில் ஒரு நிலா இருக்கும்! எதிர்காலத்தில் நிலாவைப் பார்த்திருக்கிறேனே என்று கிளாரா கேட்கும்போது, அது வேறு நிலாவாக இருக்கலாம் என்று டாக்டர் சொல்வதும் எபிசோடிலேயே இருக்கிறது. எதிர்காலத்துக்குப் போய் எட்டிப் பார்த்தாலும் விடை கிடைக்காது. விதிப்படி பார்த்தால் ஓட்டையே இல்லை.

விளக்கணைத்து வாக்கெடுப்பு

முதலில் சொன்ன மூன்றிலும் சேராத நான்காவது குறை இது, எனக்குப் பெரிய குறையும் இதுதான். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வட்டத்தில் இல்லாமல் போயிருந்தால் இவ்வளவு தெளிவாக யோசித்திருக்க மாட்டோம்.

முதலில் வடிவியல். நிலாவிலிருந்து பூமியின் பாதி மட்டுமே தெரியும். அந்தப் பாதி முழுக்க இரவாக இருக்க வேண்டுமென்றால் அன்று பௌர்ணமியை ஒட்டி இருக்க வேண்டும். இந்தியாவில் அப்போது நள்ளிரவு என்று வைத்துக்கொண்டால், அமெரிக்கக் கண்டங்கள் பகலில் இருக்கும், நிலாவின் பார்வைக்கே வராது. முக்கால் மணி நேரத்தில் பூமி சுழல்வது 11 பாகைக்குச் சற்று அதிகம். ஆகவே மனித குலத்தின் தீர்ப்பு என்று கிளாரா எண்ணுவது, உண்மையில் கண்ணுக்குத் தெரிந்த பக்கத்தின் தீர்ப்பு.

அப்புறம் மேகம். ஆடி மாதத்தில் கூடலூரில் ஒரு குடும்பம் எல்லா விளக்கையும் எரியவிட்டாலும் மேலே இருந்து பார்ப்பவருக்கு இருட்டுதான். அந்த முறையில் இருட்டுக்கு ஒரே பொருள், 'கொல்'. மின்சாரம் போன ஊர், தூங்கிவிட்ட வீடு, செய்தியே போய்ச் சேராத வனக் கிராமம் எல்லாம் கொலைக்கு வாக்களித்தவர்களாகவே எண்ணப்படும். வாக்களிக்காதவர்களை ஒரு பக்கத்தில் சேர்த்துவிடும் தேர்தல் அது.

மூன்றாவது, அந்த மின்வாரியக்காரர் சொன்னது: ஊர் இருட்டாவது வீட்டுக்காரர் கையில் இல்லை, துணை மின்நிலையத்தின் கையில் இருக்கிறது. தெருவிளக்கு, ஆலை, மருத்துவமனை எதற்கும் தனிமனிதர் சுவிட்ச் போடுவதில்லை. இதற்கு நம்மிடம் அசல் உதாரணமே உண்டு. 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்கும்படி நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். தெருவிளக்கும் மருத்துவமனையும் எரியலாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். மின்தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று எதிர்பார்த்த இடத்தில் சுமார் 31,000 மெகாவாட் குறைந்தது. மின்கட்டமைப்பு கவிழாமல் நின்றதற்குக் காரணம், அறிவிப்புக்கும் நிகழ்வுக்கும் இடையே கிடைத்த இரண்டு நாள் அவகாசமும், நீர்மின் நிலையங்களைச் சட்டென்று குறைத்துக் கூட்ட முடிந்ததும்தான். 1932 முதல் மின்சாரம் தரும் பைக்காரா நீர்மின் நிலையத்தை வைத்திருக்கும் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எபிசோடில் எந்த அவகாசமும் இல்லாமல் உலகத்தையே அணைக்கச் சொல்கிறார்கள். அப்படி அணைந்தால் அதில் எவ்வளவு வாக்கு, எவ்வளவு மின்கட்டமைப்பு விழுந்தது என்று பிரிக்கவே முடியாது.

இது அறிவியல் தவறைவிடப் பெரியது என்று ஏன் சொல்கிறேன் என்றால், கதையின் அறச்சிக்கல் முழுவதும் இந்த வாக்கெடுப்பின் மேல்தான் நிற்கிறது. பூமி ஒன்றைச் சொன்னது, கிளாரா மீறினார் என்பதுதான் உச்சக்கட்டம். பூமி உண்மையில் எதையும் சொல்லவில்லை என்றால் அவர் மீறியது என்ன?

விலை இல்லாத முடிவு

கிளாராவின் முடிவு தவறாகப் போயிருந்தால் கோடிக்கணக்கானோர் செத்திருப்பார்கள். பூமி சொன்னதைக் கேட்டிருந்தால் பிறக்காத ஓர் உயிரைக் கொன்ற பழி இருந்திருக்கும். எது நடந்தாலும் யாரோ ஏதோ ஒன்றை இழந்தாக வேண்டும். எபிசோட் என்ன செய்கிறது? ஓடு கரைந்துவிடுகிறது, ஒருவருக்கும் காயமில்லை, போனதற்குப் பதிலாகப் புது நிலாவும் வந்துவிடுகிறது. மனிதர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்து விண்வெளிப் பயணத்தையும் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். முக்கால் மணி நேரம் நம்மை நகம் கடிக்க வைத்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்தியிருந்தாலும் வானில் நிலா இருந்திருக்கும் என்று முடிக்கிறார்கள்.

'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்' எபிசோடோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். அங்கேயும் ஒருவர் விதியை மீறுகிறார், அதற்கான விலையை அதே எபிசோடில், அதே இரவில், ஒரு வீட்டுக்குள் கொடுக்க வைக்கிறார்கள்.

எபிசோடைக் கருக்கலைப்புக்கு எதிரான உருவகமாகப் படித்துக் கோபப்பட்டவர்களும் உண்டு. அந்த வாசிப்புக்குக் காட்சிகளில் இடம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நீலகிரி வட்டத்தில் அது பெரிய விவாதமாகவில்லை, நானும் அதற்குள் போகவில்லை.

எபிசோடைத் தாங்கிப் பிடிப்பவர்கள் சொல்வது

விலை இருக்கிறது, நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள் என்கிறது மறுபாதி. நிலாவோ பூமியோ எதையும் இழக்கவில்லை. இழந்தது டாக்டர், கிளாராவின் நம்பிக்கையை. உதவி கேட்ட நேரத்தில் உங்கள் உலகம், உங்கள் முடிவு என்று விட்டுவிட்டுப் போன ஒருவரை, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகும் மன்னிக்க முடியாது என்று ஒரு பெண் சொல்லும் காட்சி அது. வழக்கமாக டாக்டர் ஜெயித்தால் எல்லோரும் சிரித்துக்கொண்டே டார்டிஸில் ஏறுவார்கள். இங்கே எல்லாம் ஜெயித்தும் ஒருவர் இறங்கிப் போகிறார். அடுத்த எபிசோடான 'மம்மி ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' அந்த விரிசலோடுதான் தொடங்குகிறது.

இதை நான் ஏற்றுக்கொள்கிறேன். கடைசி ஐந்து நிமிடம் அந்தப் பருவத்தின் சிறந்த காட்சிகளில் ஒன்று. ஆனால் அந்தச் சண்டைக்கு நிலா முட்டையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. டாக்டர் விட்டுவிட்டுப் போகும் எந்த நெருக்கடியும் போதும். மிகப் பெரிய நெருக்கடியை வைத்துவிட்டு அதை ஒரு நிமிடத்தில் இலவசமாகத் தீர்த்ததால், கிளாராவின் கோபம் நியாயமானது என்று நம்மை நம்ப வைக்க ஜென்னா கோல்மனின் நடிப்பு தனியாகப் பாடுபட வேண்டியிருக்கிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

இந்தச் சண்டையில் சேர நினைப்பவர்கள் நேராக 'கில் தி மூன்' போட வேண்டாம். இந்த வரிசையில் பார்த்தால் இரண்டு தரப்பும் புரியும்:

1. 2005-இன் 'ஃபாதர்ஸ் டே'. ரோஸ் என்ற பெண் 1987-க்குப் போய்த் தன் அப்பாவைச் சாவிலிருந்து இழுத்துவிடுகிறாள். காலத்தை மாற்றினால் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதற்குத் தொடரின் எளிய பாடம்.
2. 'தி வாட்டர்ஸ் ஆஃப் மார்ஸ்'. நிலைப்புள்ளி என்றால் என்ன என்று இதைவிடக் கடுமையாகத் தொடர் எங்கும் சொல்லவில்லை.
3. 'கில் தி மூன்'. 130 கோடி டன் வசனம் வரும்போது காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.
4. 'மம்மி ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்'. இதைப் பார்க்காமல் மூன்றாவதைத் திட்டுபவர்களை நம் வட்டத்தில் விவாதத்துக்குச் சேர்ப்பதில்லை.